துலங்காக் கொலையும் அச்சப் புனைகதையும் – ஓர் ஆய்வு

முன்னுரை

வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றைக் கருவாகக் கொண்டு எழும் புனைகதைகள் பல வகையின. மன்னர்தம் போர்களையும் காதலையும் பாடுபொருளாகக் கொண்டவை ஒரு வகை. மக்கள் மறக்க விரும்பியும் மறக்க இயலாத கொடுஞ்செயல்களைக் கருவாகக் கொண்டவை மற்றொரு வகை. பின்னதனை 'வரலாற்று அச்சப் புனைகதை' எனலாம். இவ்வகையில் உலகில் மிகுதியான நூல்கள் தோன்றக் காரணமாக இருந்தது, 1888ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஒயிட்சேப்பலில் நிகழ்ந்த தொடர்கொலை வழக்காகும். 'ஜாக் த ரிப்பர்' என்ற பெயரால் வழங்கும் அக்கொலைஞன் இன்னார் என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

துப்புத் துலங்கிய வழக்கில் குற்றவாளியின் முகம் தெரியும். புனைவோன் அதை மாற்ற இயலாது. துலங்காத வழக்கிலோ குற்றவாளியின் இருக்கை வெறுமையாகக் கிடக்கின்றது. அவ்விருக்கையில் யாரை அமர்த்துவது என்பதே எழுத்தாளர் பலரின் முதல் வினாவாக இருந்துள்ளது. அவ்வினாவைவிட வேறொரு வினா முதன்மையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மாணவர்க்குப் பழகிய மெய்ப்பாட்டியல் கொள்கை இவ்வாய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

வழக்கின் வரலாறு

ஒயிட்சேப்பலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அக்காலத்தில் பல பெண்கள் கொல்லப்பட்டனர். அவருள் ஐவர் ஒருவன் கையாலேயே மடிந்தனர் எனப் பெரும்பாலோர் கருதுவர். 1888 ஆகஸ்டு 31ஆம் நாள் மேரி ஆன் நிக்கல்ஸ், செப்டம்பர் 8ஆம் நாள் ஆனி சாப்மன், செப்டம்பர் 30ஆம் நாள் ஒரே இரவில் எலிசபெத் ஸ்டிரைடு, கேத்தரின் எட்டோவ்ஸ் ஆகிய இருவர், நவம்பர் 9ஆம் நாள் மேரி ஜேன் கெல்லி என்போரே அவ்வைவர். முதல் நால்வரும் தெருவிலோ முற்றத்திலோ சதுக்கத்திலோ இறந்து கிடந்தனர். ஐந்தாமவர் மட்டுமே தாம் குடியிருந்த அறைக்குள் இறந்து கிடந்தார்.

காவல்துறை பலரைப் பிடித்தது, பின் விடுவித்தது. ஜான் பைசர் என்னும் யூதக் காலணித் தொழிலாளர் ஐயத்தின்பேரில் கைது செய்யப்பட்டு, குற்றமற்றவர் எனத் தெரிந்து விடுவிக்கப்பட்டார். ஏழை யூதர்மீது மக்கள் சினம் திரும்பிய காலம் அது. சுவரொன்றில் காணப்பட்ட, யூதரைக் குறிப்பிடும் சுண்ணக்கட்டி எழுத்துகளைக் கலகத்துக்கு அஞ்சிக் காவல் ஆணையர் சர் சார்லஸ் வாரன் அழிக்கச் செய்தார். அவர் பதவி விலகிய செய்தி நவம்பரில் வெளிவந்தது.

1894ஆம் ஆண்டில் மெல்வில் மெக்நாட்டன் என்னும் காவல்துறை உயர் அலுவலர் எழுதிய குறிப்பு ஒன்று மூவரை ஐயத்துக்குரியோராகச் சுட்டியது. அவருள் ஒருவராகிய ட்ரூயிட் என்பாரை அக்குறிப்பு மருத்துவர் என்றது. உண்மையில் அவர் வழக்கறிஞராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அரசு ஆவணத்தையே ஊகம் இவ்வாறு நிரப்பியதாயின், புனைகதையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

பெயர் பிறந்த வகை

கொலைஞனின் பெயரே ஒரு புனைவு எனக் கருத இடமுண்டு. செப்டம்பர் 25ஆம் நாளிட்ட கடிதம் ஒன்று லண்டனில் இயங்கிய மத்திய செய்தி நிறுவனத்துக்கு வந்தது. அதன் அடியில்தான் 'ஜாக் த ரிப்பர்' என்னும் ஒப்பம் முதன்முதலில் காணப்பட்டது. அதனை எழுதியவன் கொலைஞன் அல்லன், செய்தியாளர் ஒருவரே எனக் காவல்துறையினர் சிலரும் பின்வந்த ஆய்வாளர் பலரும் கருதினர். அது வெளியான பின்னர் அதேபோன்ற கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன.

அவ்வாண்டு சனவரியில் தொடங்கப்பெற்ற 'த ஸ்டார்' என்னும் மாலை இதழ் அரைப்பென்னி விலைக்கு விற்றது. தெருவெங்கும் இதழ் விற்கும் சிறுவரின் கூக்குரல் கேட்டது. ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் இடைப்பட்ட நாள்களில் அச்சத்தை உயிரோடு வைத்திருந்தவை இதழ்களே. எனவே இவ்வழக்கில் புனைகதை பின்னர் வந்து சேரவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அதனுள் புகுந்துவிட்டது என்பது நோக்கத்தக்கது.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்பார். மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட அணங்கு ஒன்று. கொடிய விலங்கு மற்றொன்று. தீத்தொழில் புரியும் கள்வர் மூன்றாவது. ஆணை செலுத்தும் இறை, அதாவது அரசும் அதையொத்த தலைமையும், நான்காவது. ரிப்பர் பற்றிய புனைவுகளை இந்நான்கனுள் அடக்கிக் காட்டலாம்.

உண்மையில் நடந்தது கள்வரால் வந்த அச்சம். கத்தியுடன் இருளில் திரிந்தவன் ஒரு மனிதனே. ஆனால் மனிதன் என்ற அளவில் மக்கள் நின்றாரல்லர். 1886இல் ஸ்டீவன்சன் எழுதிய ஜெகில்–ஹைடு கதை, 1888 ஆகஸ்டு முதல் லண்டன் லைசியம் அரங்கில் நாடகமாக நடந்துகொண்டிருந்தது. நற்குண மருத்துவர் ஒருவர் தம்முள் உறையும் விலங்கனைய தீயவனாக மாறும் கதை அது. இரு வேடங்களையும் ஏற்று நடித்த ரிச்சர்டு மான்ஸ்ஃபீல்டின் நடிப்பைக் கண்டு அவரையே கொலைஞன் என ஐயுற்று ஒருவர் காவல்துறைக்குக் கடிதம் எழுதினார். கள்வன் இங்கு விலங்காக மாறினான்.

1943இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ப்ளாக், 'வியர்டு டேல்ஸ்' என்னும் இதழில் ரிப்பரைப் பற்றிய சிறுகதை ஒன்றை வெளியிட்டார். அக்கதையில் ரிப்பர் கொலைகளைப் பலியாகக் கொடுத்து மூப்பும் சாவும் இல்லாமல் வாழ்கின்றான். அரை நூற்றாண்டுக்குப் பின் சிகாகோ நகரில் உலவுகின்றான். கள்வன் அணங்காக உயர்ந்த நிலை இது.

1976இல் ஸ்டீபன் நைட் என்பார் அரண்மனையையே குற்றம் சாட்டி ஒரு நூல் எழுதினார். இளவரசர் ஒருவரின் மறைவான திருமணத்தை மூடி மறைக்க, அரச மருத்துவர் சர் வில்லியம் கல் இக்கொலைகளைச் செய்தார் என்பது அந்நூலின் வாதம். கல் 1887இலேயே பக்கவாதத்தால் தாக்குண்டவர். எழுபது வயதைக் கடந்தவர். வரலாற்றாளர் இவ்வாதத்தை ஏற்றிலர். ஆயினும் ஆலன் மூர் எழுத, எடி கேம்பல் ஓவியம் தீட்டிய 'ஃப்ரம் ஹெல்' என்னும் சித்திரப் புதினம் (1989–1998) இதனையே கதைக்கருவாகக் கொண்டது. கள்வனின் இடத்தில் இங்கே இறை அமர்ந்தது.

விலங்கு, அணங்கு, இறை என மூன்று முகமூடிகளும் வாசகர்க்கு ஒருவகை ஆறுதலைத் தருவன. கொலைஞன் பேயாயின் அவன் நம் தெருவினன் அல்லன். அரண்மனையின் ஏவலாளாயின் அவன் நம் வீட்டினன் அல்லன். அச்சமூட்ட எழுந்த கதைகள் உண்மை அச்சத்தைத் தொலைவில் வைத்துவிட்டன எனலாம். இதற்கு விலக்காக நிற்பது ஒரு புதினம்.

'தி லாட்ஜர்' என்னும் புதினம்

மேரி பெல்லாக் லௌண்டஸ் (1868–1947) என்னும் ஆங்கில எழுத்தாளர் 1911இல் சிறுகதையாக எழுதி, 1913இல் புதினமாக விரித்த நூல் 'தி லாட்ஜர்'. வீட்டில் அறை எடுத்துத் தங்குபவர் என்பது அப்பெயரின் பொருள். கொலைகள் நடந்தபோது ஆசிரியருக்கு வயது இருபது. பின்னாளில் ஒரு விருந்தில் அவர் ஒரு செய்தியைக் கேட்டார். தம் தாயாரிடம் முன்பு பணியாற்றிய சமையற்காரியும் அவர் கணவரும், தங்கள் வீட்டில் ரிப்பர் தங்கியிருந்ததாக நம்பினர் என ஒருவர் கூறிக்கொண்டிருந்தார். அச்செய்தியே கதையின் வித்து.

பண்டிங் என்பாரும் அவர் மனைவி எலனும் செல்வர் வீடுகளில் பணிபுரிந்து ஓய்ந்தவர்கள். மேரில்போன் சாலையில் ஒரு வீட்டை எடுத்து, அதன் அறைகளை வாடகைக்கு விட்டு வாழ முயல்கின்றனர். அறைகளுக்கு ஆள் வருவதில்லை. பொருள்கள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போகின்றன. பண்டிங் புகையிலையைக் கைவிடுகின்றார். நாளிதழ் வாங்குவதையும் நிறுத்துகின்றார். பட்டினி வாயிலில் நிற்கும் வேளையில் ஒருவர் கதவைத் தட்டுகின்றார். ஸ்லூத் என்பது அவர் பெயர். நற்குடிப் பிறந்தவர்போல் பேசுகின்றார்; கையில் ஒரே ஒரு பை; முன்பணமாகப் பொற்காசுகளைத் தருகின்றார்.

அவ்விருந்தினர் சுவரில் உள்ள பெண்களின் படங்களைத் திருப்பி வைக்கின்றார். நள்ளிரவில் ஓசைபடாமல் வெளியே செல்கின்றார். அவர் சென்று மீளும் இரவுகளிலேயே, 'பழிவாங்குவோன்' எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் ஒருவன் நகரில் பெண்களைக் கொல்கின்றான். எலன் பண்டிங் மெல்ல மெல்லப் புரிந்துகொள்கின்றாள். கணவனிடம் சொல்வதில்லை. தன் வீட்டுக்கு அடிக்கடி வரும் இளம் துப்பறியும் காவலரிடமும் சொல்வதில்லை. இறுதியில் மெழுகுப் பொம்மைக் காட்சிச்சாலையில் காவல்துறைத் தலைவரைக் கண்டு மிரண்ட ஸ்லூத், அவள் தம்மைக் காட்டிக்கொடுத்தாள் என எண்ணி ஓடி மறைகின்றார்.

வாடகையும் மௌனமும்

இப்புதினத்தில் கொலைக்காட்சி ஒன்றுகூடக் கண்முன் நிகழ்வதில்லை. அச்சம் முழுவதும் மாடிப்படியில் கேட்கும் காலடியிலும், கதவு திறந்து மூடும் மெல்லிய ஓசையிலும், மறுநாட் காலை இதழ்விற்போர் எழுப்பும் கூக்குரலிலும் அமைந்துள்ளது. எலனின் அச்சம் இருமுனைக் கத்தி போன்றது. ஸ்லூத் கொலைஞனாக இருந்துவிடுவாரோ என அஞ்சுகின்றாள். அவர் போய்விட்டால் மீண்டும் பட்டினியோ எனவும் அஞ்சுகின்றாள். இவ்விரண்டு அச்சங்களுள் எது பெரிது என்பதை அவளால் முடிவு செய்ய இயலவில்லை. அவள் தீயவள் அல்லள். உழைத்து நேர்மையாக வாழ்ந்தவள். ஆயினும் அவள் வாய் திறவாமை மேலும் சில உயிர்கள் போகக் காரணமாகின்றது.

இங்கே நாம் மெய்ப்பாட்டியலுக்கு மீள வேண்டும். அச்சத்தின் நிலைக்களன் நான்கனுள் வறுமை இல்லை. தொல்காப்பியர் வறுமையை அழுகைக்கு உரியதாக வைத்தார். பிறரால் எள்ளப்படும் இழிவு, உயிரையும் உரியவரையும் பொருளையும் இழக்கும் இழவு, பழைய நிலை கெட்டுத் தாழும் அசைவு, நுகர்வதற்கு ஏதுமற்ற வறுமை ஆகிய நான்கும் அழுகைக்கு இடம் என்பது அவர் வகுத்த நெறி. லௌண்டஸ் செய்த அரிய செயல், அழுகைக்குரிய வறுமையை அச்சத்தோடு பிணைத்ததாகும். கள்வனைவிட, கள்வனுக்குக் கதவைத் திறந்துவிடும் வறுமையே கொடிது என்பது அப்புதினம் உணர்த்தும் உண்மை.

1927இல் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் இக்கதையைப் பேசாப் படமாக்கியபோது, அறைக்கு வந்தவர் குற்றமற்றவர் என முடிவு மாற்றப்பட்டது. புகழ்பெற்ற நடிகர் ஐவர் நோவெல்லோவைக் கொலைஞனாகக் காட்டப் படநிறுவனத்தார் விரும்பாமையே காரணம். இம்மாற்றத்தால் படம் வேறொரு சிறப்பைப் பெற்றது. ஐயத்தின்பேரில் ஒருவரைத் துரத்தும் கும்பலின் கொடுமையை அது காட்டியது. ஆனால் எலனின் மௌனம் தந்த நடுக்கம் அதனால் நீங்கிவிட்டது.

நான்கு பென்னியின் கதை

புதினம் காட்டும் வாடகையின் அச்சம் வெறும் கற்பனையன்று. மரண விசாரணையில் சான்றாளர் கூறியவை அதனை உறுதி செய்கின்றன. ஒயிட்சேப்பலில் ஏழையர் இரவு தங்கும் பொதுவிடுதிகளில் ஒரு படுக்கைக்கு நான்கு பென்னி கூலி. நிக்கல்ஸ் அந்த நான்கு பென்னி இல்லாமையால் விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். சில மணி நேரத்தில் அவர் உடல் தெருவில் கிடந்தது. சாப்மனும் படுக்கைக் கூலி இன்மையால் நள்ளிரவுக்குப்பின் விடுதியை விட்டு வெளியேறியவரே. எட்டோவ்ஸ் கெண்ட் வட்டாரத்தில் அறுவடைக் கூலிவேலைக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பியவர். உடன் வாழ்ந்தவரின் காலணிகள் அடகு வைக்கப்பட்டிருந்தன. கெல்லியின் வாடகைப் பாக்கி 29 ஷில்லிங். அப்பாக்கியை வாங்க வந்த ஆளே அவர் உடலை முதலில் கண்டவர்.

படுக்கைக்குக் கூலி இல்லாமையால் பெண்கள் தெருவுக்கு வந்தனர். அறைக்கு வாடகை வேண்டிப் புதினத்தின் எலன் கொலைஞனை உள்ளே வைத்துக் காத்தாள். வழக்கையும் புதினத்தையும் இணைக்கும் சரடு இதுவே. சார்லஸ் பூத் என்பார் லண்டன் மக்களின் வாழ்வை ஆராய்ந்து 1889இல் வெளியிட்ட முதல் தொகுதி, கிழக்கு லண்டனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வறுமையில் வாழ்ந்ததைக் காட்டியது. பெர்னாட்ஷா 1888 செப்டம்பரிலேயே 'த ஸ்டார்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். சீர்திருத்தம் வேண்டுவோர் ஆண்டுக்கணக்கில் பேசியும் திரும்பாத செல்வரின் கண்கள், ஒரு கொலைஞன் கத்தி எடுத்ததும் ஏழையரின் பக்கம் திரும்பிவிட்டன என அவர் அதில் எள்ளி நகைத்தார்.

மறைந்துபோன ஐவர்

லௌண்டஸின் புதினத்திலும் ஒரு குறை உண்டு. அதில் கொல்லப்படும் பெண்கள் குடிகாரிகள் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றனர். அவர்தம் முகம் வாசகர்க்குத் தெரிவதில்லை. இக்குறை பொதுவானது. ரிப்பரைப் பற்றிய கதைகளில் அப்பெண்கள் பெரும்பாலும் இறப்பதற்கென்றே தோன்றுவர்.

'ஃப்ரம் ஹெல்' நூல் இறை என்னும் முகமூடியை எடுத்துக்கொண்டதாயினும், ஒரு வகையில் நேர்மையுடையது. அது அவ்வைவர்க்கே காணிக்கையாக்கப்பட்டது. எவ்வெவை ஆவணத்தில் உள்ளன, எவ்வெவை தம் கற்பனை என்பதனை மூர் விரிவான பின்னிணைப்பில் பிரித்துக் காட்டினார். நைட்டின் வாதத்தைத் தாம் மெய்யென நம்பவில்லை என்பதையும் மறைத்திலர். புனைவோன் வரலாற்றுக்குச் செலுத்த வேண்டிய கடன் இதுவாகும்.

2019இல் ஹாலி ரூபன்ஹோல்டு என்னும் வரலாற்றாசிரியர் 'த ஃபைவ்' என்ற நூலை வெளியிட்டார். கொலைஞன் யார் என்னும் வினாவை அது எழுப்பவே இல்லை. ஐவரும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையே ஆராய்ந்தது. நிக்கல்ஸ் கொல்லரின் மகள். அச்சகத் தொழிலாளரின் மனைவி. ஐந்து மக்களுக்குத் தாய். சாப்மன் செல்வர் வீட்டு வண்டியோட்டியின் மனைவி. அவர் பன்னிரண்டு வயது மகளை நோய்க்குப் பறிகொடுத்தவர். கணவரைப் பிரிந்தபின் வாரந்தோறும் அவர் அனுப்பிவந்த 10 ஷில்லிங்கும் 1886 இறுதியில் அவர் இறந்ததோடு நின்றுபோயிற்று. ஸ்டிரைடு சுவீடன் நாட்டு உழவர் குடியில் பிறந்தவர். எட்டோவ்ஸ் தகரத் தொழிலாளர் குடும்பத்தவர். ஐவருள் மூவர் பரத்தமைத் தொழில் செய்தமைக்குச் சான்றில்லை என்பது ரூபன்ஹோல்டின் துணிபு. இக்கருத்தை மறுப்போரும் உளர். ஆயினும் அவர்கள் யாவர் என்ற வினாவைக் கொலைஞன் யாவன் என்ற வினாவுக்கு முன் வைத்தமை அந்நூலின் பெருமை.

இழிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் இப்பெண்டிர் வாழ்வில் ஒருசேரக் காணப்படுதல் கருதத்தக்கது. இதழ்கள் அவர்களை எள்ளின, அது இழிவு. மகளையும் கணவரையும் இழந்தமை இழவு. இல்லறத்தில் இருந்தவர் பொதுவிடுதிக்குத் தாழ்ந்தமை அசைவு. நான்கு பென்னி இன்மை வறுமை. புனைவோர் நூறாண்டுக்கும் மேலாக அச்சத்தின் நான்கு வழிகளில் கொலைஞனைத் தேடினர். ஆவணத்தில் திறந்தே கிடந்த அழுகையின் நான்கு வழிகளையோ அவருள் பெரும்பாலோர் கண்டிலர்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. துலங்காக் கொலையைக் கருவாகக் கொள்ளும் அச்சப் புனைகதை, குற்றவாளியின் வெற்றிருக்கையை நிரப்புவதால் உயர்வு பெறுவதில்லை. பேயையோ விலங்கையோ அரண்மனைச் சதியையோ அங்கு அமர்த்தினால் கதை விறுவிறுப்படையும், உண்மை அகலும். அவ்விருக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்கொலை எத்தகைய வாழ்வின் நடுவே நிகழ்ந்தது எனக் காட்டும் படைப்பே நிலைத்த அச்சத்தைத் தரும். 'தி லாட்ஜர்' நூற்றாண்டைக் கடந்தும் படிக்கப்படுவதற்குக் காரணம், எலன் பண்டிங்கின் நிலையில் தாம் இருந்திருந்தால் வாய் திறந்திருப்போமா என்ற வினா வாசகரை விடாமல் தொடர்வதேயாகும்.

இறந்தோர் மறுமொழி கூற இயலாதவர். அவர்களைப் பற்றி எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் அதனால் பொறுப்பு மிகுகின்றது. இத்தகைய நூலைக் கையில் எடுக்கும் மாணவர், கொலைஞன் யார் எனக் கடைசிப் பக்கத்தைப் புரட்டும் முன், கொல்லப்பட்டவர் யார் என்பதை இந்நூல் எந்தப் பக்கத்திலாவது சொல்கின்றதா எனத் தேடிப் பார்த்தல் வேண்டும். சொல்லியிருப்பின் அஃது இலக்கியம். சொல்லாதிருப்பின், 1888இல் அரைப்பென்னிக்கு விற்ற அச்சமே இன்று கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றது என்றே கொள்ளலாம்.